மல்லாட்டைக் கொல்லையில் மீன்வலை

1. கூடைமேல் கிடந்த துண்டு

யோசனை வந்த இடம் ரெட்டியார்பாளையம், எங்கள் கடை வாசல். காலை பத்தரை மணி. கொண்டுவந்து கொடுத்தது ஒரு காக்கை.

அஞ்சலை அக்கா கனகசெட்டிக்குளம் மீனவர் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் பக்கத்துத் தெருக்களில் விற்பவர். கூடையைக் கடைப் படியில் இறக்கிவைத்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போவார். அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. கூடையை மூட வழக்கமான ஈரச் சாக்கு இல்லை. கிழிந்துபோன வலைத்துண்டு ஒன்றைப் போட்டிருந்தார். காக்கை வந்தது. கூடையைச் சுற்றி இரண்டு முறை நடந்தது. ஒரு காலை வலைமேல் வைத்து, சூடு பட்டதுபோல் இழுத்துக்கொண்டது. அப்புறம் எதிரே இருந்த பஞ்சர் கடைக் கூரையில் போய் உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் திட்ட ஆரம்பித்துவிட்டது.

"ஏன் அக்கா அது உக்காரல?" என்றேன்.

"நகம் மாட்டிக்கும்னு பயம். ஒருதரம் மாட்டினா போதும், அது பேரப்புள்ளைங்க வரைக்கும் சொல்லி வெச்சிரும்." சொம்பைக் கவிழ்த்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏன், நீ உக்காந்து பாக்கப் போறியா?"

அந்தக் கடையில் சேர்ந்து எனக்கு அப்போது ஏழாவது மாதம். விதை, உரம், பூச்சிமருந்து விற்கிற கடை. பி.எஸ்சி. அக்ரி முடித்துவிட்டு வீட்டில் உட்கார முடியாமல் கிடைத்த வேலையில் ஏறிக்கொண்டவள் நான். வேலையின் பெயர் ஃபீல்டு அசிஸ்டென்ட். ஸ்கூட்டரில் கொல்லை கொல்லையாகப் போய், பயிரைப் பார்த்து, என்ன தாக்கியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கான மருந்து எங்கள் கடையில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். முதல் பாதியை ஆசையாகச் செய்வேன். இரண்டாம் பாதி எப்படியோ அடிக்கடி மறந்துபோகும்.

முதலாளிக்கு இது தெரியும். அறுபது வயதுக்காரர். அவர் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவர் என்பதால் கடைக்கு வருகிறவர்கள் இவரையும் பிரெஞ்சில் ஐயா என்பதுபோல் 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் சார். அவருக்கு நான் 'ஏம்மா அக்ரி'.

காக்கை திட்டி முடிப்பதற்குள் நான் வலைத்துண்டின் கண்ணை விரலால் அளந்துவிட்டேன். காக்கைத் தொல்லையில் தவித்த கௌரி அக்காவின் கொல்லை முழுக்க வலை விரித்துக் கிடப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

2. பன்னிரண்டு நாள்

கௌரி அக்கா எங்கள் ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை செய்பவர். காலை ஆறு மணி ஷிப்ட், இரண்டு மணிக்கு விடும். அதே கம்பெனியின் பின்பக்க காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு காணி, அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போட்டிருந்தார். மல்லாட்டை என்றால் நிலக்கடலை. எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பெயர் சொன்னால் வெளியூர் ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

நிலத்துக்காரர் அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்: "இந்த ஒரு போகம் பாக்கறேன். ஒழுங்கா எடுத்தீன்னா நெலம் உன்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா லாரி நிறுத்த உட்டுடறேன், அவங்க நடையா நடக்கறாங்க." சுற்றிலும் தொழிற்பேட்டை. லாரி நிறுத்த இடம் கேட்டு வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே இந்த அறுவடை கௌரி அக்காவுக்கு வெறும் அறுவடை இல்லை. அடுத்த போகம் உண்டா என்பதும் அதில்தான் இருந்தது.

பறிப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. அடுத்த வாரத்து ஞாயிறு. பறித்துக் காய் ஆய்கிற பெண்கள் செட்டு அந்த ஒரு நாள்தான் கிடைத்தது. தவறினால் அப்புறம் மூன்று வாரம் அவர்கள் வேறு ஊரில். மூன்று வாரம் காத்திருக்கவும் முடியாது. முற்றிய காய் மண்ணிலிருக்கும்போது ஒரு கோடை மழை பெய்தால் போதும், இந்த ரகம் அங்கேயே முளைத்துவிடும். வாங்குகிறவர் கடற்கரை ரோட்டில் அவித்த மல்லாட்டை விற்கும் ஆட்களுக்குச் சரக்கு கொடுப்பவர். ஞாயிறு மத்தியானம் பச்சைக்காயாக ஏற்றினால் அன்று சாயங்காலமே அது பொட்டலத்தில் இருக்கும்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளுக்குப் பகையாளி, எனக்குத் தெரிந்தவரை, காக்கை. கம்பெனி கேன்டீனில் மிச்சத்தைத் தின்றுவிட்டு, வெற்றிலை பாக்கு போட வருவதுபோல் சுவரோரத்துப் பத்து சாலுக்கு வரும். செடியின் தூரைக் கிளறிக் காயை இழுத்து, உடைத்து, ஒரு பருப்பைத் தின்று ஒரு பருப்பை எறியும்.

"எல்லாத்தையும் துன்னாக்கூட மனசு ஆறும் பாப்பா. பாதிய துன்னுட்டு பாதிய கடாசுது பாரு, அதான் வயிறு எரியுது," என்பார் கௌரி அக்கா.

முதலாளி இரண்டு சுருள் பளபளப்பு ரிப்பன் கொடுத்தனுப்பியிருந்தார். காற்றில் மின்னும், காக்கை பயந்து ஓடும் என்று உறையில் படமே போட்டிருந்தது. முதல் நாள் பயந்தன. மூன்றாம் நாள் ஒரு காக்கை அந்த ரிப்பனில் ஒரு முழத்தைக் கூடு கட்டுவதற்குக் கிழித்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

3. கனகசெட்டிக்குளத்தில் ஒரு பேரம்

மறுநாளே கனகசெட்டிக்குளம் போய்விட்டேன். படகுகளுக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து நாலைந்து பேர் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை அக்கா என்னை அறிமுகம் செய்த விதம் இது: "இது எங்க மருந்துக்கடை பொண்ணு. மல்லாட்டைக் கொல்லைக்கு வலை வேணுமாம்."

ஊசியை நிறுத்திவிட்டு ஒருவர் நிமிர்ந்தார். "மல்லாட்டைல என்னா மீன் மாட்டும்மா? சங்கராவா, சூடையா?"

"காக்கா," என்றேன்.

"அது சரி. காக்கா கருவாடு போட்டா எங்களுக்கும் ரெண்டு குடு."

சிரித்து முடித்தபின் கரையில் ஒதுக்கிக் கிடந்த பழைய நைலான் வலைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பொத்தியும் தேறாதவை. குப்பையாய்க் கிடப்பதற்கு யாராவது எடுத்துப்போனால் போதும் என்றிருந்தது. அஞ்சலை அக்கா மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நல்ல தண்ணில ஊற வெச்சி அலசு. ரெண்டு நாள் வெயில்ல காயப் போட்டு உதறு. அப்புறமா கொண்டுபோ. செதிலும் செத்தையும் ஒட்டிக் கெடக்குது பாரு."

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. மீன் நாற்றம் அடித்தால் காட்டுப்பன்றி கொல்லைக்குள் வராது என்று எங்கோ படித்திருந்தேன். பன்றிக்கே பிடிக்காத நாற்றம் காக்கைக்கு மட்டும் பிடித்துவிடுமா என்று எனக்கு நானே கேட்டு, பிடிக்காது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். மீன் சந்தையில் காக்கை என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்திருந்தால் போதும். நினைக்கவில்லை. பன்னிரண்டு நாளில் ஒரு நாள் போய்விட்டதே என்ற அவசரம்.

"நாத்தம் இருந்தா நல்லதுதான் அக்கா," என்றேன்.

அவர் கையை விட்டுவிட்டார். "நீ படிச்ச பொண்ணு," என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஸ்கூட்டரின் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு மூட்டை. ஊருக்குள் நுழைந்ததும் சிக்னலில் போக்குவரத்துக் காவலர் என் பக்கத்தில் வந்து நின்றார். மூக்கைச் சுருக்கினார்.

"எங்கம்மா போறே?"

"மேட்டுப்பாளையம் சார்."

"கடலு அந்தப் பக்கம் இருக்குது."

"தெரியும் சார்."

பச்சை விழுந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே வழிவிட்டார். சாயங்காலத்துக்குள் நானும் கௌரி அக்காவும் சுவரோரத்துப் பத்து சாலையும் மூடி, ஓரங்களுக்குக் கல் வைத்துவிட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பெனி வாட்ச்மேன் அண்ணன் ஸ்டூல்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்து, "சூப்பர் ஐடியா மேடம்," என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

4. விருந்தாளிகள்

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு, கம்பெனியில் டீ நேரத்தில், கௌரி அக்கா போன் செய்தார்.

"பாப்பா, கடைல இருக்கியா?"

"ஆமா அக்கா."

"கொஞ்சம் வந்துட்டுப் போ. உன் வலையப் பாக்க சொந்தக்காரங்க எல்லாம் வந்துருக்காங்க."

போய்ப் பார்த்தேன். கொல்லை கருப்பாக இருந்தது. அதுவரை வந்துகொண்டிருந்தவை கேன்டீன் காக்கைகள். அன்றைக்கு வந்திருந்தவை மேட்டுப்பாளையத்துக் காக்கைகள் மொத்தமும். வலைமேல் நிற்கப் பயந்த சாதி, ஒட்டியிருந்த செதிலுக்காகவும் காய்ந்த மீன் துணுக்குக்காகவும் நகத்தைப் பற்றிய கவலையே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. போதாததற்கு இரண்டு நாய்கள் வலையின் ஒரு முனையைக் கவ்வி ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. இழுத்த இழுப்பில் நாலு செடி வேரோடு வந்துவிட்டது. தொங்கிய காயைக் காக்கைகள் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டன.

ஸ்டூல்மேல் வாட்ச்மேன் அண்ணன். "மேடம், இன்னிக்கி அமாவாசைங்களா?"

இரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டு கௌரி அக்கா நேராக வந்தார். கோபத்தில் கத்துவார் என்று பயந்திருந்தேன். கத்தவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு காக்கைகளைப் பார்த்தார்.

"எல்லாரும் எலை போட்டு காக்காவ கா கான்னு கூப்புடுவாங்க, அது வராது. நீ கூப்புடாமலே ஊரையே வரவெச்சுட்ட. கைராசிக்காரி."

"சுருட்டிடலாம் அக்கா."

"சுருட்டித்தான் ஆவணும். நாளைக்கு நெலத்துக்காரர் வந்து பாத்தார்னா லாரிக்காரனுக்கு இங்கேருந்தே போன் போடுவாரு."

ஒவ்வொரு வலையையும் உருட்டித் திண்டுபோலச் சுருட்டி, சால்களின் தலைப்பில், வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் தள்ளிவிட்டோம். சனிக்கிழமை வந்து எடுத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

5. திண்டுக்கு அடியில்

சனிக்கிழமை சாயங்காலம் வலையை ஏற்றப் போனேன். கௌரி அக்காவும் கூட வந்தார். முதல் திண்டைப் புரட்டினேன். அடியில் ஈர மண்மேல் சுருண்டு கிடந்தன புழுக்கள். கொழுத்தவை, சாம்பல் பச்சை, உடம்பில் கரும்புள்ளி. ஒன்றல்ல, இரண்டல்ல. நான் எண்ண ஆரம்பித்து நாற்பதைத் தாண்டினேன்.

புரொடீனியா. பகலில் மண்ணிலும் சருகிலும் ஒளிந்துகொண்டு, வெயில் இறங்கியபின் செடியேறி இலை தின்னும் புழு. கல்லூரியில் அதைப் படம் வரைந்து மார்க் வாங்கியவள் நான். நிமிர்ந்து உள்சால்களுக்குப் போய்ப் பார்த்தேன். நடுக்கொல்லையில் இலைகள் நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையாக நின்றன. தரையில் புழுவின் எச்சம் மிளகு சிந்தியதுபோல் கிடந்தது. ஒரு வாரத்து வேலை இது. அந்த ஒரு வாரமும் நான் அண்ணாந்து காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லைக்கு வந்தவள் ஒரு செடியைக்கூட விரித்துப் பார்க்கவில்லை.

இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்று ஆசையாகத்தான் இருக்கிறது. என் வேலையே செடியைப் பார்ப்பதுதான்.

முதலாளிக்குப் போன் செய்தேன். அரை மணி நேரத்தில் மொபெட்டில் வந்து இறங்கினார். கையில் ஒரு பாட்டில். கொல்லைக்குள் நாலு எட்டு வைத்ததுமே விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு.

"நாளைக்கு காலைல ஒரு அடி. முடிஞ்சுது," என்றார்.

பாட்டிலை வாங்கி லேபிளோடு இருந்த தாளைப் பிரித்தேன். கடைசியாக அடித்ததற்கும் அறுவடைக்கும் நடுவில் விட வேண்டிய நாள் என்று அதில் ஒரு வரி இருக்கும். எங்களிடம் மிச்சமிருந்த எட்டு நாளைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போட்டிருந்தது. உரக்கப் படித்தேன்.

"ஏம்மா அக்ரி, நீ எனக்கு வேலை பாக்குறியா, அந்தத் தாளுக்கு வேலை பாக்குறியா?"

"தாளும் நம்ம கடையிலதான் சார் குடுத்தோம்."

"நான் ஒண்ணும் மறைக்கல. ஊர்ல எல்லாரும் அடிக்கறதச் சொன்னேன்."

கௌரி அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வேக வெச்சா மருந்து போயிடாதா பாப்பா?"

"போயிடும்னு நம்பி யாருக்கும் குடுக்க முடியாது அக்கா. இது காய வெச்சு செக்குக்குப் போற சரக்கு இல்ல. அன்னிக்கே அவிச்சு அன்னிக்கே துன்றது."

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"பீச்சுக்குப் போனா எம்பொண்ணு மொதல்ல கேக்கறது அவிச்ச மல்லாட்டைதான்," என்றார் கடைசியில். "மருந்து வேணாம் முசே. ஆனா பாப்பா, ஞாயித்துக்கெழமை வரைக்கும் கொடி பச்சையா நிக்கணும். கொடி காஞ்சி போச்சுன்னா இழுக்கும்போது காம்பு அறுந்து காய் மண்ணுலயே தங்கிரும். அப்படி ஆச்சுன்னா செட்டுப் பொம்பளைங்க போனப்புறம் நீ உக்காந்து ஒவ்வொரு காயா நோண்டி எடுக்கற. ஒரு காணி."

"சரி அக்கா."

"ஒரு காணின்னா எவ்ளோன்னு தெரியுமில்ல?"

"தெரியும் அக்கா."

எனக்குத் தெரிந்திருந்த இன்னொன்றும் உண்டு. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், புரட்டிப்போட்ட திண்டு இருந்த இடத்துக்கு ஏழெட்டு காக்கைகள் இறங்கியிருந்தன. எண்ணி நாற்பது வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை.

6. காலை ஐந்தே முக்கால் ஷிப்ட்

மறுநாளிலிருந்து நடந்தது இதுதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு வலைகளை வாய்க்காலில் நனைத்து, திண்டாகச் சுருட்டி, நாலு சாலுக்கு ஒன்று என்ற கணக்கில் கொல்லை முழுக்க நீளவாக்கில் போடுவோம். மேய்ந்துவிட்டு, பொழுது வெளுக்கும்போது ஒளிய இடம் தேடுகிற புழு, ஈரமாகவும் இருட்டாகவும் கிடக்கிற திண்டுக்கு அடியில் போய்ச் சேரும். கௌரி அக்கா ஷிப்டுக்குப் போகும் வழியில் ஐந்தே முக்காலுக்கு வருவார். நானும் வந்துவிடுவேன். இருவரும் ஒரு முனையிலிருந்து திண்டுகளைப் புரட்டிக்கொண்டே போவோம். பின்னாலேயே காக்கைகள் இறங்கும். பந்தியில் பரிமாறுகிறவர்போல நாங்கள் முன்னால், அவை வரிசையாகப் பின்னால்.

வலையில் மீன் நாற்றம் இன்னும் போகவில்லை. இப்போது அதை அலசலாமா என்று கௌரி அக்கா கேட்டபோது நான் அலறிவிட்டேன். அந்த நாற்றத்துக்காகத்தானே முதல் ஆள் இறங்கிவருகிறது!

காயைக் கொத்துவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது. சுவரோரத்தில் இன்னும் கிளறல் இருந்தது. ஆனால் சிரமப்பட்டுத் தோண்டி எடுப்பதைவிட, புரட்டிக் கொடுக்கிற புழு எந்தப் பறவைக்கும் சுலபம்தான். நான் ஒரு நோட்டில் திண்டுக்குத் திண்டு எண்ணிக்கை எழுதிவந்தேன். முதலாளி அதற்குப் 'புழு ரிஜிஸ்டர்' என்று பெயர் வைத்தார்.

புதன்கிழமை ஒரு சோதனை வந்தது. திண்டுகளைப் புரட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறோம், ஒரு காக்கைகூட இல்லை. வெளிச்சத்தில் புழுக்கள் மெதுவாக நெளிந்து மண் இடுக்குகளுக்கு நகர ஆரம்பித்தன.

"அண்ணே! காக்கா எங்கண்ணே?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

வாட்ச்மேன் அண்ணன் தலை மேலெழுந்தது. "கம்பெனில இன்னிக்கி ஆண்டு விழா மேடம். முன்பக்கம் பிரியாணிக்கு கறி வெட்றாங்க. எல்லாம் அங்க போயிருச்சு."

"பாத்தியா," என்றார் கௌரி அக்கா. "காக்காவ நம்பி மருந்தடிக்காம உட்ட ஒரே வெவசாயி நாந்தான்."

அவருக்கு ஷிப்டுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்துச் சோப்புத்தூளைக் கரைத்து, கையால் பொறுக்கிப் போட ஆரம்பித்தேன். வாட்ச்மேன் அண்ணன் டியூட்டி முடிந்து சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஏழு மணிக்கு முதலாளியையும் போன் செய்து வரவழைத்தேன். அவசரம் என்று மட்டும் சொன்னேன். பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தவர் ஒரு சால் முடிவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பாட்டில் விக்க வந்தவன்மா நானு. என்னையவே புழு பொறுக்க வெச்சுட்டியே!"

"எட்டாவது சால் நடுவுல ஒண்ணு உட்டுட்டீங்க சார்."

"ஊம்."

திரும்பிப் போய் அதையும் எடுத்தார்.

7. ஞாயிறு

பெண்கள் செட்டு ஆறரைக்கு வந்தது. நான் அதற்கு முன்பே வந்து வரப்பில் நின்றிருந்தேன். முதல் செடியை இழுக்கும்போது கௌரி அக்கா என் பக்கம் பார்க்கவில்லை.

கொடியோடு காய் வந்தது. கொத்தாக, மண் உதிர. இரண்டாவது செடியும் அப்படித்தான். நடுக்கொல்லையில் இலை குறைவுதான், ஆனால் தண்டு பச்சையாக நின்றதால் காம்பு தாங்கியது. சுவரோரத்துப் பத்து சாலில் மட்டும் கால்வாசி போயிருந்தது. பாதி காக்கையின் கணக்கு; பாதி, அந்த வியாழக்கிழமை நடந்த விருந்தின் கணக்கு, அதாவது என் கணக்கு. அதை யாரும் சொல்லிக்காட்டவில்லை. செட்டில் ஒரு பெண் மட்டும் கொடியை முகர்ந்து பார்த்து, "ஏங்கா, மீன்கொழம்பு வாசன வருது?" என்றாள்.

"காய ஆய்ற வேலையப் பாரு, போடி," என்றார் கௌரி அக்கா.

வாங்குகிறவர் வந்து நாலு இடத்தில் காயெடுத்து உடைத்தார். காய் முற்றியதற்கு அடையாளமாக ஓட்டின் உட்பக்கம் கருத்திருக்கிறதா என்று பார்த்தார். கருத்திருந்தது. மூட்டைகளை ஏற்றச் சொன்னார். நிலத்துக்காரர் பதினோரு மணிக்கு வந்து, வண்டியைச் சுற்றி நடந்து, மூட்டைகளைக் கண்ணாலேயே எண்ணினார்.

"ஆடிப் பட்டத்துக்கும் மல்லாட்டையே போடப் போறியா?" என்றார் கௌரி அக்காவிடம்.

அவ்வளவுதான். லாரிப் பேச்சு எழவில்லை. கௌரி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றார்.

8. கற்றுக்கொண்டதும் இனிமேலும்

இந்தக் குறிப்பை என்னைப்போலப் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கொல்லைக்குப் போனால், எதற்காக வரச் சொன்னார்களோ அதை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். குனிந்து பத்துச் செடியையாவது விரித்துப் பாருங்கள். பருவக் கடைசியில் புழுவை எண்ணுவதற்கு முன்னால் நாளை எண்ணுங்கள்; மருந்துக்கு விட வேண்டிய நாள் கையில் இல்லையென்றால் அந்த மருந்து உங்களிடம் இல்லை என்றே அர்த்தம். மீன் விற்கிறவர் வலையை அலசச் சொன்னால் அலசுங்கள். நாங்கள் தப்பியது அலசாததால்தான் என்றாலும் சொல்கிறேன், அலசுங்கள்.

இங்கேதான் என் மனசு அரிக்கிறது. எங்களைக் காப்பாற்றியது எது? திண்டா, காக்கையா, பொறுக்கிய கைகளா? புழு ரிஜிஸ்டரில் கடைசி நாளில் ஒரு திண்டுக்கு நாலு, ஐந்து என்று இறங்கியிருந்தது. ஆனால் முற்றிய புழு தானாகவே கூட்டுப்புழுவாகி மண்ணுக்குள் இறங்கிவிடும். நாங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் எண்ணிக்கை அப்படி இறங்கியிருக்கலாம். ஒரே கொல்லையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தவளுக்கு எது வேலை செய்தது என்று சொல்ல வாயில்லை.

முதலாளிக்கு அந்தக் கவலை கிடையாது. ஒரே வாரத்தில் கடை வாசலில் பழைய வலைச் சுருள்கள் தொங்க ஆரம்பித்துவிட்டன. 'புழு வலை, மருந்தில்லா வைத்தியம்' என்று அட்டை. அஞ்சலை அக்கா படியில் கூடையை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"முசே, எங்க குப்பைய எங்க கண்ணு முன்னாடியே விக்கிறீங்களே, நல்லாருக்குதா?"

"நம்ம அக்ரி சொன்னா, நான் விக்கிறேன்," என்று என்னைக் கைகாட்டினார் அவர்.

அதன்பின் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் பேச்சை நம்பி ஒருவர் வலை வாங்கிப்போய்ப் போட்டு, கொல்லையைக் கோட்டைவிட்டால்? மறுநாள் இரண்டு மணிக்குக் கம்பெனி வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, ஆடிப் பட்டத்துல எனக்கு அஞ்சு சால் வேணும்."

"எதுக்கு? இந்தத் தடவ எந்த ஊர்க் காக்கா வருது?"

"டெஸ்ட் பண்ணணும் அக்கா. எது வேலை செய்யுதுன்னு தனித்தனியா பாக்கணும்."

கௌரி அக்கா பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "சுவரோரத்துல அஞ்சு. ஆறாவது சால்ல உன் செருப்பு பட்டாக்கூட நான் சும்மா இருக்க மாட்டேன்."

ஐந்து போதும். விதை ஊன்றும் நாளிலேயே ஒவ்வொன்றிலும் குச்சி நட்டு அட்டை கட்டிவிடுவேன். முதல் சாலில் அலசிக் காயவைத்த வலை. இரண்டாவதில் அலசாத வலை. அதற்கு அஞ்சலை அக்காவிடம் இன்னொரு முறை திட்டு வாங்க வேண்டும், வாங்கிக்கொள்கிறேன். மூன்றாவதில் வெறும் ஈரச் சாக்கு. நாலாவதில் சாக்கைப் போட்டு, காக்கை இறங்க முடியாதபடி மேலே கம்பிவலை. ஐந்தாவது சாலில் எதுவுமே போடக்கூடாது. புழு வந்தால் வரட்டும், தின்றால் தின்னட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்று எண்ண மட்டும் வேண்டும். அப்படி ஒரு சால் இல்லாமல் மற்ற நாலுக்கும் அர்த்தமே இல்லை.

அந்த ஐந்தாவது சாலைப் பற்றி மட்டும் கௌரி அக்காவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.